டிக்கெட் இருக்கிறது, இடம் இல்லையா? நெரிசலான ரயிலில் முதல் முறை ரிசர்வேஷனில் போகிறவர்களுக்கு

கையில் உறுதியான டிக்கெட் இருக்கும். ஸ்லீப்பர் கோச்சில் ஏறிப் பார்த்தால் உங்கள் சீட்டில் நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள், மேலே உங்கள் பெர்த்தில் யாரோ போர்த்திக்கொண்டு தூங்குவார். வேலைக்கோ படிப்புக்கோ முதல் தடவையாக ஊரைவிட்டுக் கிளம்புகிற பிள்ளைகள் தடுமாறிப்போவது இந்த இடத்தில்தான். கேட்கக் கூச்சப்பட்டு, கதவோரம் பெட்டிமேல் உட்கார்ந்தே விடிய விடிய வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கும். அவர்களிடம் இருந்தது முழு உரிமையுள்ள டிக்கெட். அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

சென்னைக்கும் தெற்கு மாவட்டங்களுக்கும் இடையே பல வருடங்களாக இரவு ரயிலில் போய்வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை, டிக்கெட் எடுப்பதில் இருந்து இறங்குவதுவரை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எப்போது எடுப்பது

முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. அதே வருடம் நவம்பர் 1 முதல் குறைத்துவிட்டார்கள். காலை 8 மணிக்குத் திறக்கும். பொங்கல், தீபாவளிக்கு நெல்லை, முத்துநகர், பாண்டியன், பொதிகை போன்ற வண்டிகளில் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அதனால் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் காலண்டரில் 60 நாளைப் பின்னோக்கி எண்ணிக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அதைத் தவறவிட்டால், கடைசி நேர முன்பதிவான தட்கல். வண்டி கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள், ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஆன்லைனில் தட்கல் எடுக்க 2025 ஜூலையில் இருந்து ரயில்வேயின் டிக்கெட் தளமான ஐ.ஆர்.சி.டி.சி.யில் ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். இதைப் பத்து மணிக்கு உட்கார்ந்து செய்ய முடியாது, இன்றைக்கே முடித்துவையுங்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

வயதானவர்களுக்கு எடுக்கிறீர்களா? 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் லோயர் பெர்த்துக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. அவர்கள் தனியாகவோ, அந்த வயதுள்ள இருவராகவோ போகும்போதுதான் அது பொருந்தும். குடும்பமே ஒரே டிக்கெட்டில் போவதாக இருந்தால், லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற தேர்வு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அம்மாவுக்கு முட்டிவலி என்று தெரிந்தும் அப்பர் பெர்த்தோடு அனுப்பிவைத்து, ரயிலில் யாராவது மாற்றிக்கொடுப்பார்கள் என்று நம்புவது சரியில்லை. பல நேரம் கொடுப்பார்கள்தான். கொடுக்காத ஒருநாள் அந்த அம்மா பட்டபாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

2. டிக்கெட்டின் நிலையைப் படிப்பது

டிக்கெட்டில் இரண்டு நிலைகள் இருக்கும்: எடுத்தபோது என்ன நிலை, இப்போது என்ன நிலை. 10 இலக்க பி.என்.ஆர். எண்ணைப் போட்டால் இப்போதைய நிலை தெரியும். அது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கன்ஃபர்ம் என்றால் கோச், பெர்த் எண் உங்களுக்கே.

ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், உட்கார இடம் நிச்சயம். ஆனால் ஒரு சைடு லோயர் பெர்த்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். வழியில் யாராவது வராமல் போனால் அவர்களுடைய பெர்த்தை டிக்கெட் பரிசோதகரான டி.டி.ஆர்., ஆர்.ஏ.சி. வரிசைப்படி கொடுப்பார். அதனால் ஆர்.ஏ.சி.யைப் பார்த்துப் பயந்து ரத்து செய்யாதீர்கள். நான் ஆர்.ஏ.சி.யில் கிளம்பிய பயணங்களில் பெரும்பாலும் விழுப்புரம் தாண்டுவதற்குள் முழு பெர்த் கிடைத்திருக்கிறது.

வெயிட்டிங் லிஸ்ட் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரிலோ ஏ.சி.யிலோ ஏற அனுமதி கிடையாது. ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் உள்ள எல்லோருமே சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) தயாரான பிறகும் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால், டிக்கெட் தானாகவே ரத்தாகிப் பணம் கணக்குக்கு வந்துவிடும். அதன் பிறகு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணிதான். கவுண்டரில் எடுத்தது அப்படித் தானாக ரத்தாகாது. ஆனாலும் அதை வைத்து ஜெனரல் கோச்சில் மட்டுமே போகலாம். “நான் பணம் கட்டியிருக்கேனே” என்று ஸ்லீப்பரில் ஏறி டி.டி.ஆரிடம் வாதாடுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். அவர்களின் ஆதங்கம் புரிகிறது, ஆனால் விதி அவர்கள் பக்கம் இல்லை.

வெயிட்டிங் லிஸ்டிலும் வகை உண்டு. வண்டி கிளம்பும் ஊரில் இருந்து எடுக்கும் பொதுப் பட்டியல்தான் வேகமாக நகரும். நடுவழி ஊர்களுக்கான பட்டியல் மெதுவாக நகரும். தட்கல் வெயிட்டிங் லிஸ்ட் ஆர்.ஏ.சி.க்கே வராது, ஒன்று நேராகக் கன்ஃபர்ம் ஆகும், இல்லையென்றால் இல்லை. பதிவு செய்யும் முன்பு இது எந்த வகை என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

3. தேதியும் ஏறும் ஊரும்

சின்ன விஷயம் போலத் தெரியும். என் தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். திருச்சியில் நள்ளிரவு 12.40 மணிக்கு வரும் வண்டிக்கு 14ஆம் தேதி போட்டு டிக்கெட் எடுத்திருந்தாள். 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப்போனாள். அவள் பெர்த்தில் ஒரு குடும்பம் இருந்தது. இவள் தன் டிக்கெட்டைக் காட்ட, அவர்கள் தங்கள் டிக்கெட்டைக் காட்ட, இரண்டிலும் ஒரே கோச், ஒரே எண். டி.டி.ஆர். வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: 14ஆம் தேதி 12.40 என்றால் 13ஆம் தேதி ராத்திரியே ஸ்டேஷனில் இருந்திருக்க வேண்டும். அவளுடைய வண்டி ஒரு நாள் முன்பே போய்விட்டது. கட்டணத்தோடு அபராதமும் கட்டி, சென்னைவரை கிட்டத்தட்ட நின்றுகொண்டே வந்தாள். டிக்கெட் இல்லாத பயணத்துக்குக் குறைந்தபட்ச அபராதமே 250 ரூபாய்.

நள்ளிரவு தாண்டி ஏறுகிறவர்கள் தேதியை இரண்டு தடவை பாருங்கள். டிக்கெட்டில் இருப்பது நீங்கள் ஏறும் ஊரில் வண்டி வரும் நாள்.

ஏறும் ஊரும் முக்கியம். எழும்பூரில் ஏறுவதாக டிக்கெட் எடுத்துவிட்டு, வீட்டுக்குப் பக்கம் என்று தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ போய் நின்றால், டி.டி.ஆர். நீங்கள் வரவில்லை என்று குறித்துவிட்டு பெர்த்தை ஆர்.ஏ.சி. பயணிக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் கேட்டுப் பயனில்லை. ஏறும் ஊரை ஆன்லைனிலேயே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் சார்ட் தயாராகும் முன்பே செய்துவிடுவது நல்லது. முன்பெல்லாம் வண்டி கிளம்ப 4 மணி நேரம் இருக்கும்போது சார்ட் வரும். 2025இல் இருந்து அதைவிட வெகு முன்னதாகவே தயாராகிவிடுகிறது, காலை வண்டிகளுக்கு முந்தைய நாள் இரவே வந்துவிடும். அதனால் கடைசி நேரம்வரை தள்ளிப்போடாதீர்கள்.

4. பிளாட்பாரத்தில்

அரை மணி நேரம் முன்பே போங்கள். எஸ் என்று தொடங்குவது ஸ்லீப்பர், பி மூன்றடுக்கு ஏ.சி., ஏ இரண்டடுக்கு ஏ.சி., எச் முதல் வகுப்பு ஏ.சி., டி பகல்நேர உட்காரும் பெட்டி. உங்கள் கோச் எங்கே நிற்கும் என்று பிளாட்பாரத்தின் மேலே உள்ள டிஜிட்டல் பலகையில் காட்டுவார்கள். அதற்கு நேராகப் போய் நின்றுகொள்ளுங்கள். வண்டி 2 நிமிடம் மட்டுமே நிற்கும் ஊரில், கூட்டத்தில் ஏதோ ஒரு கதவில் ஏறிக்கொள்ளலாம், உள்ளே நடந்து போகலாம் என்று நினைக்காதீர்கள். பண்டிகை நாளில் நடைபாதை முழுக்க ஆட்களும் பைகளுமாக இருக்கும், நான்கு கோச் தாண்டிப் போவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஜெனரல் கோச் வழியாக உள்ளே வர முடியாமலும் போகலாம்.

பெர்த் எண்ணை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஒரு தடுப்புக்கு 8 பெர்த். உங்கள் எண்ணை 8ஆல் வகுங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் லோயர், 2 அல்லது 5 மிடில், 3 அல்லது 6 அப்பர், 7 சைடு லோயர், மீதியே இல்லாவிட்டால் சைடு அப்பர். 29 என்றால் மீதி 5, ஆகவே மிடில். 63 என்றால் மீதி 7, சைடு லோயர். பழைய வகை ஸ்லீப்பர் கோச்சில் 72 பெர்த்தும் புதிய எல்.எச்.பி. கோச்சில் 80 பெர்த்தும் இருக்கும். சின்ன எண்கள் ஒரு முனையில், பெரிய எண்கள் மறுமுனையில். எந்தக் கதவு பக்கம் என்று தெரிந்து ஏறினால் பாதிச் சிரமம் குறையும்.

5. உங்கள் இடத்தில் வேறொருவர் இருந்தால்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் டிக்கெட்டைப் பாருங்கள். கோச், எண், தேதி, வண்டி எண். எஸ்3க்குப் பதில் எஸ்4இல் ஏறிவிட்டுச் சண்டை போடுவது தினமும் நடக்கிறது. எல்லாம் சரி என்றால், பையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேளுங்கள்:

“அண்ணா, உங்க சீட் நம்பர் எத்தனை? இருபத்தொன்பது என்னோடது.”

“எழுந்திருங்க” என்று ஆரம்பிக்காமல் எண்ணைக் கேட்டு ஆரம்பிப்பதில் பலன் இருக்கிறது. தவறான கோச்சில் ஏறியவர் தானே டிக்கெட்டை எடுத்துப் பார்த்துக்கொள்வார். ரிசர்வேஷன் இல்லாதவர் பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே நகர்ந்துவிடுவார். வயதில் பெரியவராக இருந்தால் “ஐயா”, “அம்மா” என்று கூப்பிட்டுப் பேசுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு நம் ஊர் ரயிலில் நிறைய மதிப்பு உண்டு.

அடுத்து வருவது “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க தம்பி, விழுப்புரத்துல இறங்கிடுவேன்” என்ற பதில். இங்கே நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். தூங்க இன்னும் நேரம் இருக்கிறது, கையில் குழந்தையோடு ஒரு அம்மா நிற்கிறார் என்றால் நான் தள்ளி உட்கார்ந்து இடம் தருவேன், எப்போதும் தந்திருக்கிறேன். எழும்பூரிலும் தாம்பரத்திலும் ஏறும் கூட்டத்தில் பாதி விழுப்புரத்தோடு இறங்கிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் தரும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “சரி, உட்காருங்க. பத்து மணிக்கு நான் படுக்கணும்.” சொல்லாமல் விட்டால் பத்து பதினொன்றாகும், பதினொன்று திருச்சியாகும்.

விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம், கடமை ஆகாது. இதை முக்கியமாகத் தனியாகப் போகும் பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அறிமுகமில்லாத ஒருவர் உங்கள் பெர்த் நுனியில் உட்காருவது பிடிக்கவில்லை என்றால், காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. “இல்லைங்க, நான் படுக்கணும்” என்பது போதும். எதிர் சீட்டில் இருக்கும் அக்காவிடமோ குடும்பத்திடமோ ஏறியதும் இரண்டு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது என்றால் அவர்கள்தான் முதலில் குரல் கொடுப்பார்கள்.

கேட்டும் நகரவில்லையா? குரலை உயர்த்தாதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அபாயச் சங்கிலியை இழுக்கவே இழுக்காதீர்கள். சீட் தகராறுக்குச் சங்கிலி இழுப்பது குற்றம், வழக்கு உங்கள் மேல்தான் வரும். செய்ய வேண்டியது இதுதான். டி.டி.ஆர். வரும்வரை அங்கேயே நில்லுங்கள், அல்லது பையைக் கூட வருகிறவரிடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போய் அவரைக் கூட்டிவாருங்கள். அவர் கையில் உள்ள கருவியில் யார் எங்கே என்பது முழுக்க இருக்கும். அவரைக் காணவில்லை என்றால் 139க்கு அழையுங்கள், அல்லது ரயில் மதத் செயலியில் பி.என்.ஆர்., கோச், பெர்த் எண்ணோடு புகார் பதியுங்கள். எழுதும்போது “எஸ்4, பெர்த் 29, ரிசர்வேஷன் இல்லாத 3 பேர் நகர மறுக்கிறார்கள்” என்று நேராக எழுதுங்கள். மிரட்டல், தொந்தரவு என்றால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படைக்கும் அதே 139தான்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. மற்றவருக்கு ஒதுக்கிய இடத்தில் ஏறி, நகர மறுப்பவரை அப்புறப்படுத்தவும் அபராதம் விதிக்கவும் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 155ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: முறையாக ஏற வருகிறவரை உள்ளே விடாமல் தடுப்பதும் தவறு. கதவைப் பூட்டிக்கொண்டு, உறுதியான டிக்கெட் வைத்திருப்பவரையும் வெளியே நிறுத்துகிற கோச்களைப் பண்டிகை நாட்களில் பார்க்கிறோம். நாம் உள்ளே வந்துவிட்டோம் என்பதற்காக அதைச் செய்ய நமக்கு உரிமை கிடையாது.

இன்னொரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். தெற்கு ரயில்வேயின் சில வண்டிகளில், குறிப்பிட்ட ஊர்களுக்கு நடுவே மட்டும், சில ஸ்லீப்பர் கோச்களை ரிசர்வேஷன் இல்லாதவர்களுக்கும் திறந்துவிடுவார்கள். அந்தப் பகுதியில் பகலில் உங்கள் கோச் நிறைந்திருந்தால், அவர்களும் உரிய டிக்கெட்டோடுதான் வந்திருக்கலாம். வாக்குவாதத்துக்கு முன்பு டி.டி.ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

6. உட்காரும் நேரம், படுக்கும் நேரம்

படுக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. மற்ற நேரத்தில் லோயர் பெர்த் எல்லோரும் உட்காரும் இடம். மிடில் பெர்த்காரர் இரவு பத்துக்குத் தன் பெர்த்தை விரித்தால் லோயர்காரர் மறுக்க முடியாது. காலை ஆறுக்கு மேல் மடக்கச் சொன்னால் மிடில்காரரும் மறுக்க முடியாது. சைடு அப்பர்காரருக்குப் பகலில் சைடு லோயரில் உட்கார இடம் உண்டு, இரவு பத்துக்கு மேல் கிடையாது. கர்ப்பிணிகள், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் சீக்கிரமே படுக்க விரும்பினால் மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது.

பெர்த் மாற்றிக்கொள்ளச் சொல்லி யாராவது கேட்பார்கள். வயதானவருக்கு லோயரைக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், அதைவிட நல்ல காரியம் ரயிலில் வேறில்லை. ஆனால் அதே கோச்சுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். புது எண்ணை நீங்களே டிக்கெட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டு, டி.டி.ஆர். வந்ததும் சொல்லிவிடுங்கள். “எஸ்9ல என் பெர்த் இருக்கு, அங்க போங்க” என்றால் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒருமுறை ஒத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் அது ஆர்.ஏ.சி. இடம்.

7. பைகள்

லோயர் பெர்த்துக்கு அடியில் சங்கிலி மாட்ட வளையம் இருக்கும். ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன், பணப்பை, அசல் அடையாள அட்டை மூன்றும் உடம்போடு இருக்கட்டும், பைக்குள் வேண்டாம். ஆன்லைன் டிக்கெட்டோடு அசல் அடையாள அட்டை காட்ட வேண்டும். ஸ்லீப்பரில் ஒருவர் 40 கிலோவரை இலவசமாகக் கொண்டுபோகலாம், ஆனால் கூட்டமான நாளில் தூக்கிக்கொண்டு ஏறக்கூடியது ஒரு பெட்டியும் ஒரு தோள்பையும்தான்.

8. ரிசர்வேஷனே கிடைக்கவில்லை என்றால்

பெரும்பாலான நீண்டதூர வண்டிகளில் ஜெனரல் கோச்கள் இரண்டு முதல் நான்குதான், அவையும் முன்முனையிலும் பின்முனையிலும் பிரிந்திருக்கும். ஒன்றில் ஏறக்குறைய 90 முதல் 100 பேர் உட்காரலாம், பண்டிகை நாளில் ஏறுவது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஸ்லீப்பருக்குள் கூட்டம் வழிவது ஏன் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நிற்கிற அந்த மனிதர்களில் பெரும்பாலோர் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள். 60 நாள் முன்பே பயணத்தை முடிவு செய்ய அவர்களால் முடியாது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

நீங்களே ஜெனரலில் போக வேண்டியிருந்தால் வண்டி கிளம்பும் ஊரிலேயே ஏறுங்கள், ஒரு மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள். ரயில்ஒன் செயலியில் டிக்கெட் எடுத்தால் கவுண்டர் வரிசை மிச்சம். தண்ணீர் கையில் இருக்கட்டும், நடுவழியில் இறங்கி வாங்கப்போனால் திரும்ப ஏற முடியாமல் போகலாம். ஓரத்தில் இருக்கும் மகளிர் பெட்டியிலும் மாற்றுத்திறனாளிகள் பெட்டியிலும் இடம் காலியாகத் தெரிந்தாலும் மற்றவர்கள் ஏறக்கூடாது. ஸ்லீப்பரில் காலியிடம் இருக்கும் என்று தோன்றினால், ஏறும் முன்பு பிளாட்பாரத்திலேயே டி.டி.ஆரைப் பார்த்துக் கேளுங்கள். இருந்தால் வித்தியாசத் தொகையை வாங்கிக்கொண்டு ரசீது தருவார். ரசீது வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

9. இறங்கும்போது

அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு இறங்குகிறவர்கள் போன் அலாரத்தோடு 139இல் இறங்கும் ஊருக்கான எழுப்பல் அழைப்பையும் பதிவு செய்துவையுங்கள். போன் சார்ஜை முன்னிரவிலேயே ஏற்றிவிடுங்கள், இரவு 11 முதல் காலை 5 வரை கோச்சில் சார்ஜ் போடும் இணைப்பை நிறுத்திவிடுவார்கள். பத்து நிமிடம் முன்பே கீழே இறங்கி, விளக்கைப் போடாமல் போன் வெளிச்சத்திலேயே பைகளை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் வந்துவிடுங்கள். நடைபாதையில் துண்டு விரித்துத் தூங்குகிறவர்கள் இருப்பார்கள். காலை மிதித்துவிடாமல், “கொஞ்சம் வழி விடுங்க” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போங்கள். நகர்ந்து வழி விடுகிறவர் உட்கார இடமில்லாமல் நிற்கிறவராக இருந்தால், உங்கள் பெர்த் எண்ணைச் சொல்லிவிட்டு இறங்குங்கள். அடுத்த ஊரில் அதற்கு உரியவர் ஏறும்வரையாவது அவர் உட்கார்ந்துகொள்வார்.